திரும்புதலும் நன்முயற்சியே



மும்மணிகளை வணங்கி இவ்வுரையைத் தொடங்குகின்றோம். இன்று யாம் பேசப்போவது ஏடுகளிற் கற்ற ஒரு பொருளைப் பற்றியன்று. எம் வாய்ச்சொல்லால் விளைந்த ஒரு பிழையைப் பற்றி. செய்த பிழையை மறைப்பவன் அதனை இருமுறை செய்தவனாவான். ஆதலின் நடந்ததை நடந்தவாறே கூறிவிட்டு, அதனின்று நாமனைவரும் கொள்ளத்தக்கது யாது என்று ஆராய்வோம்.

தில்லி மாநகரின் கோடை எத்தகையது என்பதை அங்கு வாழும் நம் தமிழ்க் குடும்பத்தார்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 45 பாகையைத் தொடும் நாள்களும் உண்டு. பகலெல்லாம் 'லூ' என்னும் அனற்காற்று. மாலையில் எதிர்பாராது எழும் 'ஆந்தி' என்னும் புழுதிப்புயல். பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும், சிறிது கையிருப்புள்ள குடும்பத்தார் இரவுப் பேருந்தேறி இமயமலைச் சாரலை நாடுகின்றனர். பிள்ளைகளோடு மலையில் நடப்பது நல்ல காரியமே. கைப்பேசியை விட்டுக் கண்ணை உயர்த்தவும், தந்தையும் மகனும் ஒரே பாதையில் ஒருநாள் முழுதும் நடக்கவும் வேறு வாய்ப்பு எளிதிற் கிட்டுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், வைசாகப் பூரணைக் கொண்டாட்டத்தின் பொருட்டுத் தில்லியிலுள்ள உபாசகர் சிலர் எம்மை அழைத்திருந்தனர். விழா முடிந்தபின் அவர்களுள் ஓர் அன்பர், "ஐயா, குழந்தைகளோடு தர்மசாலைக்குப் போகிறோம், தாங்களும் உடன் வரவேண்டும்" என்று வேண்டினார். அவர் நடுவணரசு அலுவலகமொன்றில் எழுத்தர். அவர்தம் துணைவியார், பதினாறு வயது மகன், பதினான்கு வயது மகள் ஆக நால்வர், யாம் ஐந்தாமவர். தலாய் லாமா அவர்கள் 1960 முதல் வாழ்ந்துவரும் ஊர் அன்றோ? யாமும் மகிழ்ந்து இசைந்தோம்.

அங்கே தௌலாதார் மலைத்தொடரின் அடியில் திரியுண்ட் என்னும் புல்வெளி மேடு ஒன்று உளது. அதன் உயரம் ஏறத்தாழ 2,850 மீட்டர். ஓக் மரங்களும் தேவதாருக்களும் செறிந்த பாதை. இடையிடையே தேநீர்க் கடைகள். இறுதியில் செங்குத்தாக வளைந்து வளைந்து ஏறும் பகுதியை உள்ளூரார் 22 வளைவுகள் என்பர். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்பது வானிலையார் கணக்கு. அவ்வாறாயின் தில்லியினும் அம்மேட்டில் ஏறத்தாழ பதினேழு பாகை குறைவு. நனைந்த உடலில் காற்றும் மோதினால் அக்குறைவு இன்னும் கடுமையாகத் தோன்றும். இக்கணக்கை அன்று எம்மில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. தில்லியின் வெயிலை உடம்பிற் சுமந்துகொண்டு, மெல்லிய பருத்திச் சட்டைகளோடு புறப்பட்டோம். புறப்பட்டபோதே மணி பத்து.

நண்பகல் கடந்து பாதி வழியில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தோம். காலையில் கண்ணாடிபோல் தெளிந்திருந்த வானத்தில், மலைமுடியின் பின்னிருந்து வெண்முகில் எழும்பிக் கொண்டிருந்தது. கடைக்காரர் அதனை நோக்கி, இரண்டு மணிக்குள் மழை வரும் என்றார். அப்பொழுது அச்சிறுமி, "அப்பா, திரும்பிவிடலாமா? எனக்கு முதுகெல்லாம் குளிர்கிறது" என்றாள். தந்தை விடை கூறாது எம் முகத்தைப் பார்த்தார்.

சகோதரர்களே! அந்தக் கணத்தை யாம் இன்றளவும் மறக்கவில்லை. அறிவுரை கேட்டு நிற்பவர் முன் வாளா இருத்தல் பெருமைக்குக் குறைவு என்று எண்ணிவிட்டோம் போலும். "மகளே, பகவன் புத்தர் போதிமரத்தடியில் அமர்ந்தபின் உறுதியினின்று பிறழ்ந்தாரா? வீரியம் வேண்டும். தொடங்கியதை முடிக்காது விடலாமா?" என்றோம். சிறுமி மறுமொழி கூறவில்லை. அவள் தமையனோ, "நீங்கள் மெதுவாக வாருங்கள்; நான் மேலே காத்திருக்கிறேன்" என்று சொல்லி முன்னே விரைந்தான். அவனையும் யாம் தடுக்கவில்லை.

வளைவுகள் தொடங்கிய இடத்தில் வானம் இருண்டது. முதலில் இடி, பின் மழை, பின் சுண்டைக்காய் அளவில் ஆலங்கட்டி. பாதை நீரோடையாயிற்று. மகனைக் காணவில்லை. கைப்பேசியில் தொடர்பு இல்லை. தாயார் மகன் பெயரைச் சொல்லிக் கூவிய குரலை இடி விழுங்கிற்று. சற்று மேலே பாறையொன்று கூரைபோல் நீண்டிருந்தது. அதன் கீழே கத்தி என்னும் மலைவாழ் இடையர் குலத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர் தம் ஆடுகளோடு ஒதுங்கியிருந்தார். தனியே ஓடிவந்த சிறுவனைக் கைப்பற்றி உள்ளே இழுத்து அமர்த்தியிருந்தவரும் அவரே. கோடைதோறும் மந்தையோடு அம்மலை ஏறும் அவர், முகிலைக் கண்டதும் நின்றுவிட்டார். ஏடு படித்த யாமோ நில்லாது நடந்தோம்.

சிறுமி முதலில் வெடவெடவென்று நடுங்கினாள். பின்னர் நடுக்கம் தணிந்தது. நலமாயிற்று என்று யாம் எண்ணினோம். ஆனால் தாயார் கேட்டதற்கு அவள் குழறிய விடை கூறினாள். தன் காலணிக் கயிற்றைக் கட்ட அவள் விரல்கள் இயலவில்லை. நடுக்கம் நின்று பேச்சுக் குழறுவது நலத்தின் அடையாளமன்று. உடல் தன் வெப்பத்தை இழந்து தோற்கத் தொடங்கியதன் அடையாளம். இடையர் தலையை அசைத்துச் சைகை காட்டினார். தாயார் மறைவு செய்து நனைந்த ஆடையைக் களைந்து துவட்டினார். இடையர் தம் தடித்த கம்பளி அங்கியைக் கழற்றி ஈந்தார். தாயும் தமையனும் இருபுறமும் நெருங்கி அமர்ந்து அவளை அணைத்துக் கொண்டனர். குடுவையில் எஞ்சியிருந்த இனிப்பான சூட்டுத் தேநீரைச் சிறிது சிறிதாகப் பருகச் செய்தோம். ஒருமணி நேரத்தில் அவள் மீண்டும் நடுங்கினாள். அந்த நடுக்கத்தைக் கண்டு ஒரு தாய் மகிழ்ந்ததை அன்றுதான் கண்டோம். பின்னர்ச் சிறுகச் சிறுகத் தெளிந்தாள்.

இங்கே எம்மைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். யாம் இருபது ஆண்டுகளுக்கு மேல் பஞ்சாலையில் நூற்புப் பகுதியில் உழைத்தவர். பஞ்சைப் பற்றி எமக்குத் தெரியாதது இல்லை என்ற எண்ணம் எமக்கு உண்டு. ஆலையுள்ளே காற்று உலர்ந்துவிட்டால் இழை அறும். ஆதலின் ஈரக்காற்றைச் செலுத்துவர். பருத்தி நூலுக்கு ஈரம் வலிமை. அதே ஈரம் அதே பருத்தியில் தங்கி ஒரு குழந்தையின் முதுகிற் படிந்தபோது, அவள் உடற்சூட்டையெல்லாம் உறிஞ்சிவிட்டது. கம்பளியோ நனைந்தாலும் சூட்டை ஓரளவு காக்கும். எப்பொருளும் தானே நன்றுமன்று, தானே தீதுமன்று. சார்பினால் நன்றாம், சார்பினால் தீதாம். சார்பிற் றோற்றத்தைப் பல மேடைகளில் விளக்கிய யாம், ஒரு சட்டையில் அதனைக் காணத் தவறினோம்.

இருட்டிய பின்னர்க் கைப்பேசி விளக்குகளின் ஒளியில் கீழிறங்கினோம். எவர்க்கும் உயிர்க்கேடு இல்லை. ஆயினும் விடுதியில் அச்சிறுமி எம்மை நோக்கி, "ஐயா, நான் அப்போதே சொன்னேனே" என்றாள். அவள் குரலில் சினம் இல்லை. யாம் விடையின்றித் தலைகுனிந்தோம்.

தில்லி திரும்பிய இரண்டாம் நாள், விடியற்காலையில் அவ்வன்பரோடு பாகாபூர்ப் பாறைக்குச் சென்றோம். தென்தில்லியில் கல்காஜிக்கு அணித்தே, ஆரவல்லி மலைத்தொடரின் சிறு குன்றொன்றில் உள்ளது அது. அசோக மாமன்னரின் சிறுபாறைச் சாசனம் அங்கே 1966-இல் கண்டறியப்பட்டது. தாம் உபாசகராகிய தொடக்கத்தில் பெருமுயற்சி செய்யவில்லை என்று மன்னர் தாமே அதில் ஒப்புக்கொள்கிறார். சங்கத்தை அணுகிய பின்னரே ஊக்கத்தோடு முயன்றாராம். முயற்சியின் பயன் பெரியோர்க்கு மட்டும் உரியதன்று, சிறியோரும் முயன்றால் எய்தலாம் என்பதும் அச்சாசனத்தின் கருத்து. பேரரசர் ஒருவர் தம் குறையைக் கல்லிற் பொறித்து வைத்தார் எனில், எளிய யாம் எம் குறையை இவ்வேட்டில் எழுத நாணுவதேன்?

அப்பாறையின் முன் அன்பர் கேட்டார்: "ஐயா, முயற்சி நல்லதுதானே? அப்படியானால் அன்று நாம் செய்தது எங்ஙனம் பிழையாயிற்று?" நல்ல வினா. எண்வழிப் பாதையில் நன்முயற்சி என்பது நால்வகைத்து. இன்னும் தோன்றாத தீமையைத் தோன்றாது தடுத்தல்; தோன்றிய தீமையை நீக்கல்; தோன்றாத நன்மையைத் தோற்றுவித்தல்; தோன்றிய நன்மையைப் பேணி வளர்த்தல். இவற்றுள் முதலில் வைக்கப்பட்டது யாது? தோன்றாத தீமையைத் தடுத்தல். மழை வருமுன் திரும்பியிருந்தால் அதுவே நன்முயற்சி. யாம் முயற்சி என்று சொன்னது முயற்சியன்று, மானம். ஐந்து பேரின் கால்களை ஒருவரின் மானம் நடத்திற்று. போதிமரத்தடியில் பகவன் கொண்ட உறுதி உயிர்களின் துயர் துடைக்கக் கொண்டது. யாம் கேட்ட உறுதியோ ஒரு புல்வெளியைக் காண்பதற்கு. இரண்டையும் ஒப்பிட்டதே எம் பெரும்பிழை.

முயற்சியின் வடிவான ததாகதரே மழைக்கு நடையை நிறுத்தியவர் என்பதையும் எண்ணுங்கள். மழைக்காலத்தில் துறவியர் சுற்றித் திரிந்து பசும்பயிரையும் சிற்றுயிர்களையும் மிதிக்கின்றனர், பறவைகளும் இக்காலத்தில் கூடுகட்டித் தங்குகின்றனவே என்று மக்கள் குறைகூறியபோது, பகவன் அதனைச் சினவாது கேட்டு, மூன்று மாதம் ஓரிடத்துத் தங்கும் விதியைச் சங்கத்திற்கு வகுத்தார். பிறர் சொல் கேட்டு நடையை நிறுத்துவது அவர்க்கு இழிவாகத் தோன்றவில்லை. நமக்கு மட்டும் தோன்றலாமா?

இது விளையாட்டான செய்தியன்று. 2024 ஜூன் மாதத் தொடக்கத்தில், உத்தரகாண்டத்தில் 4,000 மீட்டருக்கும் மேலுள்ள சகஸ்திர தால் என்னும் ஏரிப்பகுதிக்குச் சென்ற, பெரும்பாலும் கர்நாடகத்தவரைக் கொண்ட 22 பேர் குழு பனிப்புயலில் அகப்பட்டது. 9 பேர் மாண்டனர். அவர்கள் மலை நடையில் ஆர்வம் மிக்கவர்கள். நம் தமிழ்நாட்டில் 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்க இயலுமா? மாண்டோரைக் குறைகூற யாம் இதனைச் சொல்லவில்லை. அவர்கள்பால் நம் மைத்திரி என்றும் செல்வதாக. மலை எவர்க்கும் பகையுமன்று, உறவுமன்று. அதன் இயல்பு மாறிக்கொண்டேயிருத்தல் என்று காட்டவே சொல்கின்றோம். அநித்தம் என்று வாயாற் சொல்லி, குடையும் கம்பளியுமின்றிப் புறப்படுவது அநித்தத்தை அறிந்தவர் செயலாகாது.

பகவன் தம் மைந்தராகிய ராகுலருக்கு அம்பலட்டிகையில் உரைத்த அறிவுரை இங்குப் பெரிதும் பயன்படும். கண்ணாடி முகம் பார்ப்பதற்கு உள்ளதுபோல, ஒவ்வொரு செயலையும் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்தபின்னும் எண்ணிப் பார்க்க வேண்டும். அது தனக்கோ பிறர்க்கோ துன்பமாகுமாயின் விடவேண்டும் என்றார். பிள்ளைகளோடு மலை நடப்போர் இம்மூன்று பார்வையையும் கைக்கொள்க.

செய்யுமுன்: வானிலைத் துறையார் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று விடுக்கும் எச்சரிக்கையைப் பாருங்கள். 'மௌசம்', 'தாமினி' என்னும் அரசுச் செயலிகள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன; இரண்டாவது மின்னலை முன்னறிவிப்பது. இப்பொறுப்பைப் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள். அவர்கள் நம்மினும் நன்கு செய்வர். மே, ஜூனில் மலையில் முற்பகல் தெளிவாகவும் பிற்பகல் இடியாகவும் இருப்பது மிகுதி. ஞாயிறு சரிவைச் சுட, ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்து முகிலாகிறது. மேற்கத்திய இடையூறு என்னும் காற்றுச்சுழல் வந்து சேர்ந்தால் அது ஆலங்கட்டியாகவும் மாறும். ஆதலின் விடியலில் புறப்பட்டு நண்பகலுக்குள் இறங்கத் தொடங்குங்கள். தில்லிக்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 27 அளவில் வந்து சேர்கிறது. அதன்பின் மலைப்பாதைகளைத் தவிர்த்தல் நன்று. 2021 ஜூலை 12 அன்று தர்மசாலையை அடுத்த பாக்சுநாகில் திடீர் வெள்ளம் மகிழுந்துகளை அடித்துச் சென்றது. ஒவ்வொருவர் பையிலும் ஒரு கம்பளி ஆடை, மழையங்கி, மாற்றுச் சட்டை, இனிப்பு, நீர் இருத்தல் வேண்டும்.

செய்யும்போது: மெல்ல நடப்பவரின் நடையே குடும்பத்தின் நடையாகட்டும், எவரும் தனியே முன்னோட வேண்டா. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவு. முப்பது நொடிக்குள் இடி கேட்டால் இடர் அருகிலுளது. முகட்டையும் தனிமரத்தையும் விட்டு இறங்குங்கள். கட்டடமோ ஊர்தியோ உள்ள இடத்தை நாடுங்கள். கடைசி இடிக்குப்பின் அரைமணி நேரம் பொறுத்திருங்கள். பதின்பருவப் பிள்ளைகள் குளிரையும் களைப்பையும் சொல்ல நாணுவர். ஒருமுறை சொன்னால் அதனை நூறுமுறை சொன்னதாகக் கொள்ளுங்கள்.

செய்தபின்: பிழை நேர்ந்திருந்தால் அதனை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளுங்கள். ராகுலருக்குப் பகவன் கூறியதும் அதுவே. பெற்றோர் பிள்ளைகள்முன் பிழையை ஒப்புவது மதிப்புக் குறைவென்று நம் வீடுகளில் எண்ணுகின்றனர். சிகாலனுக்கு உரைத்த அறத்தில், பிள்ளைகளைத் தீமையினின்று காத்தலும் நன்மையில் நிறுத்தலும் பெற்றோர் கடமைகளுள் முதலில் நிற்கின்றன. பிழையை ஒப்பும் தந்தையைக் கண்ட பிள்ளையே தன் பிழையை ஒப்பக் கற்கும்.

அன்று மாலையே யாம் அச்சிறுமியிடமும் அவள் தமையனிடமும் மன்னிப்புக் கேட்டோம். தந்தையும் கேட்டார். பின்னர் அக்குடும்பத்தார் தமக்குள் ஒரு விதி செய்துகொண்டனர்: ஐவரில் எவரேனும் ஒருவர் "திரும்பலாம்" என்றால், காரணம் கேளாது அனைவரும் திரும்புதல் வேண்டும், சொன்னவரைப் பின்னர் எள்ளுதலும் கூடாது. குளிர்காலம் முழுதும் ஞாயிறுதோறும் தில்லியின் குன்றுப்பகுதியில் நடந்து பழகினர்.

மறு கோடையில் எம்மை மீண்டும் அழைத்தனர். அதே பாதை, இம்முறை விடியற்காலைப் புறப்பாடு, பைகளிற் கம்பளி. வளைவுகள் தொடங்குமிடத்தில் முடியின்மேல் ஒரு முகில் தோன்றியது. சிறுமி தயங்கித் தயங்கி, "திரும்பலாம்" என்றாள். ஒரு சொல்லும் இன்றித் தந்தை திரும்பினார். தமையன் முன்னே ஓடாது அவள் பின்னே நடந்தான். அதே தேநீர்க் கடையில் அமர்ந்தோம். சகோதரர்களே, அன்று மழை வரவில்லை! முகில் கலைந்து வானம் நீலமாக விரிந்தது. சிறுமியின் முகம் வாடிற்று. "என்னால் எல்லாருக்கும் வீணாயிற்று" என்றாள். தமையன் தன் தேநீர்க் குவளையை அவள்பால் நகர்த்தி, "மலை எங்கும் ஓடிப்போகாது" என்றான்.

மழை வந்திருந்தால் அவர்கள் விதி அறிவுடைமையாக மட்டும் நின்றிருக்கும். வராமையால் அன்றோ அஃது அன்பு என்று விளங்கிற்று! அம்மேட்டை யாம் இதுவரை கண்டதில்லை. ஆயினும் அன்று அந்தக் கடைத்திண்ணையில் ஐவரும் அமர்ந்திருந்த ஒருமணி நேரத்தில், ஏறவேண்டிய இடத்திற்கு ஏறிவிட்டோம் என்றே எமக்குத் தோன்றியது.

இல்லறத்தாராகிய நீவிர் இவ்விடுமுறையில் பிள்ளைகளோடு நடப்பீராக. அவர்கள் குரலுக்குச் செவி தருவீராக. நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவும், திரும்பவேண்டிய இடத்தில் திரும்பவும் வல்லவராவீராக. மலைமேல் மந்தையோடு அலையும் இடையரும், அவர்தம் ஆடுகளும், எல்லா உயிர்களும் நலமுற்று வாழ்வனவாகுக!

சாது! சாது! சாது!